ரெஹல் பலகை சொன்ன பாடம்

திருக்குர்ஆன் ஓத அமரும் பிள்ளை முதலில் விரித்து வைப்பது ரெஹல் பலகையை. அஃது இல்லாத முஸ்லிம் இல்லம் அரிது. பாட்டனார் காலத்து ரெஹல் ஒன்று இன்னும் பல வீடுகளின் மாடத்தில் இருக்கக் காணலாம். நாள்தோறும் அதனை விரிக்கிறோம், மடக்குகிறோம். ஆயினும் அஃது எவ்வாறு செய்யப்பட்டது என்று எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கையால் செய்த பழைய ரெஹல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்குமாயின், அதனை ஒருமுறை எடுத்து உற்று நோக்குங்கள். அதில் ஆணி இல்லை, பசை இல்லை, இரும்புக் கீலும் இல்லை. இரு பலகைகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்தது போலத் தோன்றும். உண்மையில் அஃது ஒரே பலகை. அந்த ஒரே பலகையின் கனத்தை மேல் முனையிலிருந்தும் கீழ் முனையிலிருந்தும் இரண்டாகப் பிளந்து வருவார்கள். நடுவில் ஓர் அங்குல அகலமுள்ள பட்டையை மட்டும் பிளக்காமல் விட்டு, அங்கே கைவிரல்களைக் கோத்தது போல மரத்திலேயே விரல்களைச் செதுக்குவார்கள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய விரல்கள் ஒரு பலகையைச் சேர்ந்தவை. இரண்டு, நான்கு, ஆறு ஆகியவை மற்றதைச் சேர்ந்தவை. செதுக்கி முடித்து மெல்ல விரித்தால் ஒரு பலகை இரண்டாகிப் பெருக்கல் குறி போல நிற்கும். பிரிக்கவும் இயலாது, பிரியவும் செய்யாது.

இந்த அழகிய வேலையின் வெற்றி உளியில் இல்லை, ரம்பத்திலும் இல்லை. உளியும் ரம்பமும் தொடுவதற்கு முன் மரத்தின்மேல் இடப்படும் கோட்டில்தான் இருக்கிறது. இதனை நான் கற்றுக்கொண்டது ஒரு நல்ல தேக்குப் பலகையைப் பாழாக்கிய பிறகுதான்.

வீணான பலகை

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மத்ரஸாவில் புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ரெஹல் இல்லாதிருந்தது. செய்தி அறிந்த மூதாட்டி ஒருவர், இடித்துக் கட்டப்பட்ட தம் வீட்டின் பழைய தேக்குக் கதவை ஸதகாவாக அனுப்பிவைத்தார். "என் வீட்டுக்காரர் திறந்து மூடிய கதவு. அதன்மேல் குர்ஆன் இருந்தால் எனக்குப் போதும்" என்பது அவர் சொல்லியனுப்பிய சொல்.

வேலையை விரைவில் முடித்துவிட எண்ணினேன். அளவு நாடாவும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நானே குறியிட்டேன். பலகையின் கனத்தில் நடு எது என்பதை ஓரிடத்தில் மேற்புறமிருந்தும், வேறோரிடத்தில் கீழ்ப்புறமிருந்தும் அளந்து புள்ளி வைத்தேன். புள்ளிகளைப் பென்சிலால் இணைத்தேன். அனுபவம் குறைந்த இளைஞர் ஒருவர் அந்தக் கோட்டின்படி அறுத்தார். மேலிருந்து வந்த அறுப்பு பலகையின் முன்முகத்தை நெருங்கியிருந்தது. கீழிருந்து வந்த அறுப்பு பின்முகத்தை நெருங்கியிருந்தது. விரித்துப் பார்த்தபோது மூன்று விரல்கள் முறிந்து விழுந்தன.

அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு மூதாட்டியின் அமானிதத்தை என் அவசரம் உடைத்துவிட்டது. எஞ்சிய பலகைகளைத் தொட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த தெருவில் வாழ்ந்த முதிய ஆசாரியார் ஒருவரிடம் அவற்றை எடுத்துச் சென்றேன். உடன் வந்தவன் எங்கள் மாணவன் ஒருவன், வயது பதினைந்து. ஹிப்ளு வகுப்பில் மிகவும் பின்தங்கியவன். "இவன் கைத்தொழிலுக்குத்தான் தகுதி" என்று நான் அவனைப் பற்றி ஒருமுறை பிறர் முன்னிலையில் சொல்லியிருந்தேன். அதனை இகழ்ச்சியாகவே சொன்னேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆசாரியார் முறிந்த ரெஹலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஹஜ்ரத், அறுத்த பையன்மேல் குற்றமில்லை. கோடே பொய் சொல்லியிருக்கிறது. கோடு பொய் சொன்னால் ரம்பம் என்ன செய்யும்?" என்றார்.

நூல்

கதவுப் பலகையின் ஓரம் தேய்ந்து வளைந்திருந்தது. ஆசாரியார் முதலில் எடுத்தது ஒரு நூல் கண்டு. நூலைக் கரி கரைத்த நீரில் தோய்த்து, ஒரு முனையை மாணவனிடம் கொடுத்துப் பலகையின் கோடியில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையைத் தாம் இழுத்துப் பிடித்து, நடுவில் நூலை நேர் மேலாகத் தூக்கி விட்டார். ஒரே சுண்டு. ஆறடிப் பலகையின்மேல் மயிரிழை போலக் கருங்கோடு ஒன்று விழுந்தது. எவ்வளவு நீண்ட மரச்சட்டம் வைத்து வரைந்தாலும் சட்டத்தின் வளைவு கோட்டிலும் வந்துவிடும். இழுத்துக் கட்டிய நூலுக்கு வளையத் தெரியாது. ஆனால் நூலைச் சாய்வாகத் தூக்கினால் கோடு விலகி விழும். நேர் மேலே தூக்க வேண்டும் என்பதே அதில் உள்ள நுட்பம்.

நான் தமிழ் இலக்கணம் பயின்ற காலத்தில் படித்த செய்தி ஒன்று அப்போது நினைவில் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், புத்தகத்திற்கு நூல் என்னும் பெயர் பொருந்தும் விதத்தைத் தச்சனின் நூலைக் கொண்டே விளக்குகிறது. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் போக்குவது போல, மனத்தின் கோணலை அறிவு நூல் போக்குகிறதாம். பல ஆண்டுகள் அதனைப் பிள்ளைகளுக்கு நடத்திய எனக்கு, மரத்தின்மேல் நூல் விழுவதைக் கண்ணால் கண்ட அன்றுதான் அந்த உவமை விளங்கிற்று.

நூலடிக்கும் வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. சீனத்திலும் ஜப்பானிலும் மையில் தோய்ந்த பஞ்சும் நூல் சுற்றிய சக்கரமும் உள்ள மரக்கிண்ணம் ஒன்றைத் தச்சர்கள் பயன்படுத்தி வந்துள்ளனர். நூல் பஞ்சின் வழியே வெளிவரும்போது தானே மையில் தோயும். சீனத் தச்சர்கள் தம் தொழிலின் ஆசானாகக் கொள்ளும் லூ பான் என்பாருக்கு, அவருடைய தாயார் நூல் முனையைப் பிடித்துக் கொடுப்பாராம். தாயாரின் சிரமம் கண்டு, நூல் முனையில் கொக்கி ஒன்றைப் பூட்டி மரத்தில் மாட்டினார் என்று அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. ஜப்பானின் நாரா நகரில் 1199ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட தோதாய்ஜி ஆலயப் பெருவாயிலை 1879இல் பழுது பார்த்தபோது, அதன் மேற்பகுதியில் அத்தகைய மைக்கிண்ணம் ஒன்று கிடைத்தது. முன்னோர் காலத்துத் தச்சர் ஒருவர் மறந்துவிட்டுச் சென்ற கருவி என்று கருதி, அதனை அந்நாட்டார் போற்றிப் பாதுகாத்து வருகின்றனர்.

மூலைமட்டம்

கருங்கோட்டின்படி ஓரம் இழைக்கப்பட்டது. அகல முகம் ஒன்றும், அதனையடுத்த ஓரம் ஒன்றும் நன்றாக நேராக்கப்பட்டதும், அவ்விரண்டின்மேலும் ஆசாரியார் ஒரு சுழிக்குறி இட்டார். "இனி எந்தக் கருவியும் இந்த இரண்டைத்தான் தொட்டுப் பேச வேண்டும். நீங்கள் ஒருமுறை மேலிருந்தும் ஒருமுறை கீழிருந்தும் அளந்தீர்கள். இரண்டு பேரிடம் வழி கேட்டு நடந்த கதையாயிற்று" என்றார். என் பிழை எங்கே தொடங்கியது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெளிவாயிற்று.

அடுத்து மூலைமட்டத்தை எடுத்தார். பலகையின் குறுக்கே கோடிட்டு, பதினெட்டு அங்குல நீளமுள்ள துண்டுகளைக் குறிக்க வேண்டும். விரல்கள் அமையும் ஓர் அங்குலப் பட்டையைப் பலகையின் இரு முகங்களிலும் ஓரங்களிலும் சுற்றி வரைய வேண்டும். சுற்றி வந்த கோடு புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர்ந்தால்தான் வேலை சரி.

கோடிடுவதற்கு முன் அவர் மூலைமட்டத்தையே சோதித்தார். அதன் தடித்த கையை நேரான ஓரத்தில் அணைத்து ஒரு கோடு கீறினார். பிறகு மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து மறுபடியும் ஒரு கோடு கீறினார். இரண்டும் ஒன்றாயின. "இரண்டும் பிரிந்து நின்றால் மட்டம் கோணல். நடுவில் தெரியும் இடைவெளி, கோணலைப் போல இரண்டு மடங்கு. பிழையைக் கண்ணுக்குப் பெரிதாக்கிக் காட்டும் சோதனை இது" என்றார். பிறரை அளப்பதற்கு முன் அளவுகோலே தன்னைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளும் இந்த முறை, பிள்ளைகளுக்கு நாள்தோறும் மதிப்பெண் இடும் என்னைச் சற்றே தலைகுனியச் செய்தது.

அவர் கீறியது பென்சிலால் அன்று, கத்திமுனையால். பென்சில் கோட்டிற்கு அகலம் உண்டு. அதன் எந்தப் பக்கம் அறுப்பது என்ற ஐயமும் உண்டு. கத்திக்கோடு மர நார்களையே அறுத்துவிடுகிறது. அங்கே உளியை வைத்தால் முனை தானே சென்று அமரும். மரம் சிலாம்பாகப் பெயராது.

மூலைமட்டத்தின் வயது மிகப் பெரிது. எகிப்தில் தேய்ருல் மதீனா என்னுமிடத்தில், மன்னர்களின் கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர் ஊரில், ஸென்னெஜெம் என்பாரின் கல்லறை 1886இல் திறக்கப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய அக்கல்லறையில் மர மூலைமட்டமும் குண்டுநூல் கட்டிய மட்டச்சட்டங்களும் இருந்தன. இன்றைய ஆசாரியின் கையில் கொடுத்தாலும், இன்னதென்று கேளாமலே பயன்படுத்திவிடுவார்.

அரபு நாட்டார் மூலைமட்டத்தைக் கூனியா என்றனர். கோணம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது அது. உர்து, இந்தி பேசும் தச்சர்கள் இன்றும் அதனைக் குனியா என்கிறார்கள். பக்தாதில் வாழ்ந்த பெருங்கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ (பிறப்பு கி.பி. 940) தொழிலாளர்களுக்குத் தேவையான வடிவகணிதத்தை விளக்கித் தனி நூல் ஒன்றே இயற்றினார். அதன் முதல் அத்தியாயம் வரைகோல், கவராயம், கூனியா என்னும் மூன்று கருவிகளைப் பற்றியதாகும். கைவினைஞர்களும் கணித அறிஞர்களும் கூடியிருந்த அவையில், மூன்று சமசதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்ற வினா எழுந்ததை அவர் அதில் விவரிக்கிறார். கைவினைஞர் காட்டிய வழிகளுள் சில கண்ணுக்குச் சரியாகத் தோன்றின. கணக்கிற்குச் சரியாக இல்லை. கணித அறிஞர்களோ காகிதத்தில் நிறுவினார்கள். கையால் வெட்ட அறியவில்லை. இரு சாராரின் குறையையும் எடுத்துக்காட்டி, சரியான முறையையும் அவர் விளக்கினார். அறிவும் கையும் பிரிந்து நிற்றல் ஆகாது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தவர் அவர்.

எண்ணில்லாத அளவு

இழைத்த பின் பலகையின் அகலம் ஆறே முக்கால் அங்குலம் இருந்தது. அதனை ஏழு விரல்களுக்கு ஏழு சம பாகங்களாகப் பிரிக்க வேண்டும். நான் காகிதமும் பேனாவும் தேடினேன். ஆறே முக்காலை ஏழால் வகுத்தால் வரும் பின்னத்தை எந்த அளவுகோலில் காண்பது?

ஆசாரியார் சிரித்தார். அளவுகோலைப் பலகையின்மேல் சாய்வாக வைத்தார். அதன் தொடக்கம் ஓர் ஓரத்தில். ஏழாம் அங்குலக் கோடு மறு ஓரத்தில். இடையில் ஒன்று, இரண்டு, மூன்று என ஒவ்வோர் அங்குலத்திலும் ஊசியால் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகள் வழியாக ஓரத்திற்கு இணையாகக் கோடுகள் இழுத்தபோது ஏழு பாகங்களும் சமமாக அமைந்தன. கணக்கில்லை, பின்னமில்லை. பிறகு கவராயத்தை ஒரு பாகத்தின் அகலத்திற்கு விரித்து, ஓரத்திலிருந்து ஏழு அடி நடக்கவிட்டார். ஏழாவது அடி மறு ஓரத்தில் சென்று நின்றது. வீட்டில் அலமாரித் தட்டையோ, பிள்ளைகளின் ஏட்டையோ சம பாகங்களாகக் கோடிட விரும்பும் வாசகர்கள் இம்முறையைச் செய்து பார்க்கலாம்.

கடைசியாக வந்தது, நான் பிழை செய்த அந்த நடுக்கோடு. அதற்குரிய கருவியைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மார்க்கிங் கேஜ் என்பார்கள். ஒரு சாண் நீள மரத்தண்டு. அதன் முனையருகே சிறிய எஃகு முள். தண்டின்மேல் நகரும் மரத்தலை ஒன்று. அதனை இறுக்க ஓர் ஆப்பு. மரத்தலையைப் பலகையின் முகத்தில் அணைத்து இழுத்தால், முள் அந்த முகத்திலிருந்து மாறாத தொலைவில் கோடு கீறிக்கொண்டே செல்லும்.

நடுவைக் காண்பதற்கு அவர் எதையும் அளக்கவில்லை. குத்துமதிப்பாக முள்ளை நிறுத்தி, முன்முகத்தில் அணைத்து ஒரு சிறு கீறல். பின்முகத்தில் அணைத்து இன்னொரு சிறு கீறல். இரண்டும் சற்று விலகி விழுந்தன. விலகலில் பாதி அளவு மட்டும் தலையைத் தட்டி நகர்த்தினார். மறுபடியும் இரு புறமிருந்தும் கீறினார். இரண்டும் ஒரே கீறலாயின. "இதுதான் நடு. இனி இந்தக் கட்டையைத் தளர்த்தவே கூடாது. பதினொரு பலகைக்கும் இது ஒன்றே சாட்சி" என்றார். பிறகு சுழிக்குறி இட்ட முகத்தில் மட்டும் அணைத்து, எல்லாப் பலகைகளிலும் கோட்டை முழுமையாக இழுத்தார்.

பதினொரு ரெஹல்கள் உருவாயின. ஒரு விரல்கூட முறியவில்லை.

ஒரு தாயின் கேள்வி

வேலை நடந்த நாள்களில் என்னோடு வந்த மாணவன் ஒரு சொல்லும் பேசவில்லை. நூல் முனையைப் பிடித்தான், மட்டத்தைப் புரட்டினான், கவராயத்தை நடக்கவிட்டான். வகுப்பில் ஒரு பக்கம் மனனம் செய்ய இரண்டு நாள் தடுமாறும் பிள்ளை, ஒருமுறை கண்ட கருவியின் முறையை மறக்கவேயில்லை. வேலை முடிந்த அன்று ஆசாரியார் என்னைத் தனியே அழைத்து, "இந்தப் பிள்ளைக்குக் கண் இருக்கிறது ஹஜ்ரத். என் பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை. மாலை வேளையில் அனுப்புங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன்" என்றார்.

அனுப்பினேன். சில நாளில் அவனுடைய தாயார் மத்ரஸா வாசலுக்கு வந்துவிட்டார். "ஆலிமாக ஆக்கத்தானே ஹஜ்ரத் உங்களிடம் ஒப்படைத்தேன்? ஆசாரி வேலைக்கு அனுப்பிவிட்டீர்களே! நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று கண் கலங்கினார். கணவர் வெளிநாட்டில், தனியே பிள்ளையை வளர்ப்பவர். அவர் கண்ணீரை நான் எளிதாக எண்ணவில்லை. அந்த 'நாலு பேரில்' நானும் ஒருவனாக இருந்தேன் அல்லவா?

"தாயே, ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்னும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நபியாக இருந்தவருக்கு இழிவாகாத தொழில் நமக்கு இழிவாகுமா? பிள்ளை ஓதுவதை நிறுத்தப் போவதில்லை. காலையில் ஓதட்டும், மாலையில் கற்கட்டும்" என்றேன். அவரிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், தச்சுத் தொழிலுக்கென்று அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அத்தொழிலுக்கு வடிவகணித அறிவு பெரிதும் வேண்டும் என்கிறார். யூக்ளிட் முதலிய கிரேக்க மேதைகள் தச்சர்களாக இருந்தனர் என்றும் கூறுகிறார். நூஹ் (அலை) அவர்களே இத்தொழிலின் முதல் ஆசான் என்று மக்கள் கூறுவதைக் குறிப்பிட்டு, அதற்கு ஆதாரம் இல்லை என்றும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறார். தமக்கு உகந்த செய்தியானாலும் அளவு கோணக்கூடாது என்ற கண்டிப்பு அவருடையது. அதுவும் ஒரு மூலைமட்டம்தானே?

தாயார் அன்று பதில் சொல்லாமல் சென்றார். ஆனால் பிள்ளையைத் தடுக்கவில்லை.

முறிந்துபோன பன்னிரண்டாவது ரெஹலின் குறை அப்படியே இருந்தது. ஆறு மாதங்களுக்குப் பின் அந்த மாணவன் அதே கதவின் எஞ்சிய துண்டில் ஒரு ரெஹல் செய்யத் தொடங்கினான். கோடுகள் அனைத்தும் இட்டு முடித்து என்னிடம் காட்டினான். எனக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. அவன் மட்டத்தைப் புரட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "இல்லை ஹஜ்ரத், சுற்றி வந்த கோடு அரை நூல் தள்ளி நிற்கிறது" என்று கூறி, கோட்டையெல்லாம் இழைத்து நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கினான். யாரும் காணாத பிழையைத் தானே கண்டு, யாரும் கேளாமல் தானே திருத்திய அந்தக் கணத்தில், நான் வகுப்பறையில் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த பாடத்தை அவன் செய்து காட்டினான்.

அந்த ரெஹலின்மேல் முதலில் ஓதியவர் அவனுடைய தாயார். கதவைக் கொடுத்த மூதாட்டியும் அன்று வந்திருந்தார். பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் வீட்டுக் கதவுதான்" என்று மட்டும் சொன்னார்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய மூலைமட்டமோ, கவராயமோ, முள் பதித்த மரக்கட்டையோ கிடந்தால் அதனைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். துடைத்து எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒரு பலகைத் துண்டில் கோடு கீறச் சொல்லுங்கள். ஏட்டில் ஏறாத பிள்ளை மரத்தில் ஏறக்கூடும்.

இன்று மாலை உங்கள் ரெஹலை விரிக்கும்போது, விரல்களின் அடியில் குறுக்காகப் பாருங்கள். கத்திமுனை கீறிய மெல்லிய கோடு ஒன்று பல ரெஹல்களில் இன்னும் தெரியும். பெயர் அறியாத தச்சர் ஒருவர், அறுப்பதற்கு முன் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டதன் அடையாளம் அது. வல்ல அல்லாஹ் நம் கோடுகளையும் நேராக்கி வைப்பானாக.